கத்தியும் தூரிகையும்

பெண் எழுதுகிறாள் என்றாலே நம் விமர்சகர்களுக்கு ஒரு குஷி வந்துவிடுகிறது. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்களில் தூரிகையும் தாளுமாக இருக்கும் பெண்களைப் பார்த்தபோது நானும் அப்படித்தான் குஷியானேன். இப்போது அந்தக் குஷியையே கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

1784இல் வெளியான கிதாவோ மசநோபுவின் படத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அரசு அனுமதியோடு நடந்த பரத்தையர் பகுதி யோஷிவாரா. அங்கிருந்த பேர்பெற்ற பெண்கள் ஏழு பெரிய படங்களில் இருவர் இருவராக வருகிறார்கள். மேலே அவரவர் எழுதிய கவிதை. 'சுய கையெழுத்து' என்று தலைப்பே அடித்துச் சொல்கிறது. பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோ சும்மா ஆளில்லை. யோஷிவாரா வாசலில் கடை போட்டு, உள்ளே எந்த வீட்டில் எந்தப் பெண் என்று சொல்லும் கையேட்டை விற்று வளர்ந்தவர். கடனுக்காகச் சிறு வயதில் விற்கப்பட்டவளுக்குக் கவிதையும் எழுத்தும் பழக்கியது அவள் விலையை ஏற்றத்தான். அப்போ இது பெண் எழுத்தா, விளம்பரமா?

அச்சு முறையைப் பார்த்தால் சங்கடம் இன்னும் கூடுகிறது. எழுதிய தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். அதோடு தாள் அழிந்துபோகும். நம் கைக்கு வருவது செதுக்குபவரின் கத்தி விட்டுவைத்த கோடு, அவ்வளவுதான்.

அப்போ அவள் எங்கேயுமே இல்லையா? இந்த ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த ஒரு பழங்கதை இங்கே உதவுகிறது. 9ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஓனோ நோ கோமாச்சியின் கவிதையை ஒட்டுக்கேட்ட போட்டிக் கவிஞன், அதைப் பழைய தொகுப்பொன்றில் எழுதிவைத்து, திருடினாள் என்று பழிபோடுகிறான். அவள் ஏட்டைத் தண்ணீரில் கழுவுகிறாள். பழைய எழுத்து நிற்கிறது; அவன் புதிதாக எழுதிய மை மட்டும் கரைந்து போகிறது.

யோஷிவாராப் படங்களையும் இப்படிக் கழுவித்தான் வாசிக்க வேண்டும். பதிப்பாளர், ஓவியர், வாங்கியவர்கள், நம் குஷி எல்லாம் கரைந்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: எவ்வளவு தேர்ந்த கத்தியும் அவள் தூரிகை போன வழியில்தான் போயாக வேண்டும். அடிமைப்படுத்தியவன் கற்பித்த எழுத்து என்பதாலேயே அது அவனுடையதாகிவிடாது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. நானும் முகத்தைத்தான் பார்த்தேன். இனி இப்படங்களை அச்சிடுகிறவர்கள் முதலில் கவிதையை மொழிபெயர்த்துப் போடட்டும். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.