ஈஸாகூஜியும் கிரேக்க மொழியும்

தமிழகத்து அரபிக் கல்லூரிகளில் நிஜாமியாப் பாடத்திட்டத்தின் வழி ஓதியவர்கள் பெரும்பாலும் 'ஈஸாகூஜி' என்னும் சிறு நூலைக் கடந்தே வந்திருப்பார்கள். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸீருத்தீன் அப்ஹரீ (ரஹ்) இயற்றிய இந்நூல், 'மன்திக்' எனப்படும் தருக்கக் கலையின் முதற்படியாகும். மாணவர்கள் இதனை வரிவரியாக மனனம் செய்கின்றனர். ஆயினும் நூலின் பெயருக்குப் பொருள் என்னவென்று ஒரு மாணவன் வினவினால், பிற்கால உரைகள் தரும் விடை நம்மைத் திகைக்க வைக்கிறது. அது ஐந்து இதழ்கள் கொண்ட ஒரு பூவின் பெயர் என்பர் சிலர். ஜின்ஸ், நவ்உ, ஃபஸ்ல், காஸ்ஸா, அரள் ஆம் என்னும் ஐந்து பொதுமைகளை நூல் விளக்குவதால் அப்பூவின் பெயர் பொருந்திற்றாம். ஒரு ஞானியின் பெயர் என்பர் வேறு சிலர். 'நீ', 'நான்', 'அங்கே' என மூன்று சொற்களாக அதனைப் பிரித்துக் காட்டுவோரும் உளர்.

உண்மையில் 'எய்ஸகோகே' என்பது எளிய கிரேக்கச் சொல். 'எய்ஸ்' என்றால் உள்ளே. 'அகோகே' என்றால் இட்டுச் செல்லுதல். அரபியில் 'மத்கல்' என்றும் தமிழில் 'புகுமுகம்' என்றும் சொல்லிவிடலாம். கி.பி. 3ஆம் நூற்றாண்டில், சூர் நகரைச் சேர்ந்த ஃபர்ஃபூரியூஸ், அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களுக்குப் புகுவாயிலாக எழுதிய ஏட்டின் பெயர் அது. அப்ஹரீ அவர்கள் அப்பெயரைத் தம் நூலுக்குச் சூட்டிக்கொண்டார்கள். கிரேக்கத்தின் தொடக்கப் பாடங்களைக் கற்ற ஒருவர் ஒரு நொடியில் கூறக்கூடிய செய்திக்காக, பேரறிவாளர்களான உரையாசிரியர்கள் பூந்தோட்டம் வரை சென்று திரும்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் காலத்தில் அம்மொழியோடு நமக்கிருந்த தொடர்பு அறுந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன.

இக்குறையைக் கூர்மையாகச் சுட்டியவர்களுள் ஒருவர் தருக்கத்தை எதிர்த்த ஓர் இலக்கண ஆசிரியர் என்பது சுவையான செய்தி. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில், வஸீர் இப்னுல் ஃபுராத்தின் அவையில், அபூ ஸயீத் ஸீராஃபீக்கும் தருக்க அறிஞர் மத்தா இப்னு யூனுஸுக்கும் நிகழ்ந்த வாதத்தை அபூ ஹய்யான் தவ்ஹீதீ தம் 'அல் இம்தாஉ வல் முஆனஸா'வில் பதிவு செய்துள்ளார். ஸீபவைஹியின் 'கிதாபு'க்குப் பேருரை கண்டவர் ஸீராஃபீ. அவர் மத்தாவை நோக்கி எழுப்பிய வினாவின் சாரம் இது: உமக்குக் கிரேக்கம் தெரியாது, கிரேக்கத்திலிருந்து சுர்யானிக்கும், சுர்யானியிலிருந்து அரபிக்கும் இடம்பெயர்ந்த கருத்துகள் சிதையாமல் வந்து சேர்ந்தன என்று எதைக்கொண்டு உறுதி கூறுகிறீர்?

மத்தா திணறினார் என்றே நூல் கூறுகிறது. பதிவு செய்த தவ்ஹீதீ ஸீராஃபீயின் மாணவர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. தோற்றவர் தம் தரப்பை எழுதியிருந்தால் காட்சி சற்று மாறியிருக்கக் கூடும். எனினும் வினா வினாவாகவே நிற்கிறது. தருக்கம் மொழிகளைக் கடந்தது என்பது மத்தாவின் வாதம். ஒவ்வொரு மொழிக்கும் அதற்கேயுரிய தருக்கம் உண்டு, அதன் பெயரே இலக்கணம் என்பது ஸீராஃபீயின் வாதம். இருவரில் எவர் பக்கம் நின்றாலும், கிரேக்க மூலத்தைப் பாராமல் இவ்வழக்கை முடித்துவைக்க இயலாது.

ஸீராஃபீயின் ஐயம் வீண் ஐயமன்று என்பதற்கு மத்தாவின் சொந்த மொழிபெயர்ப்பே சான்றாயிற்று. அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலை அவர் சுர்யானியிலிருந்து அரபிக்குக் கொணர்ந்தார். அதில் 'டிராகோடியா' என்னும் சொல்லுக்கு 'மதீஹ்', அதாவது புகழ்ப்பாட்டு என்றும், 'கோமோடியா' என்பதற்கு 'ஹிஜா', அதாவது வசைப்பாட்டு என்றும் ஆக்கினார். மேடையில் நடிகர் நடிக்கும் அவல நாடகம் அரபுகள் அறியாத ஒன்று. ஆகவே தெரிந்த கலையின் பெயரைத் தெரியாத கலைக்கு இட்டார். கிரேக்கம் அறியாத இப்னு ருஷ்து (ரஹ்) அவர்கள் கி.பி. 12ஆம் நூற்றாண்டில் இம்மொழிபெயர்ப்பின் அடிப்படையில் உரை எழுதினார்கள். புகழ்ப்பாட்டின் இலக்கணம் என்று எண்ணி, அரபுக் கவிதைகளிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தேடித்தேடி அடுக்கினார்கள். அவ்வுரை 1256இல் ஹெர்மன் என்பவரால் இலத்தீனில் பெயர்க்கப்பட, ஐரோப்பாவும் நெடுங்காலம் அரிஸ்டாட்டிலை அவ்வழியே படித்தது. ஒரு சொல்லின் பிழை மூன்று மொழிகளைச் சுற்றி வந்த கதை இது. அவ்வுரை பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. அரபுக் கவிதை பற்றிய திறனாய்வாக அது இன்றும் படிக்கத்தக்கது. அரிஸ்டாட்டிலுக்கு உரை என்ற முறையில்தான் வழி தவறிவிட்டது.

இதற்கு மறுபுறத்தில் நிற்பவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873). ஜாலீனூஸின் நூல்களில் தாம் அறிந்த 129 தலைப்புகளைப் பற்றி அவர் எழுதிய மடல் கிடைத்திருக்கிறது. கிரேக்கப் பிரதிகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிழை களைந்த பின்னரே அவர் பெயர்க்கத் தொடங்குவார். 'நிரூபணம்' பற்றிய ஜாலீனூஸின் ஒரு நூலைத் தேடி ஜஸீரா, ஷாம், பாலஸ்தீனம், மிஸ்ரு என அலைந்து இஸ்கந்தரியா வரை சென்றதாகவும், திமிஷ்கில் ஏறத்தாழப் பாதி மட்டுமே கிடைத்ததாகவும் அவரே கூறுகிறார். ஹதீஸ் தேடி ஊர் ஊராய்ச் சென்ற முஹத்திஸ்களின் உழைப்பு நம் நினைவுக்கு வருகிறது. ஹுனைன் கிறித்தவர். அவருக்குப் பொருள் கொடுத்து நூல் எழுதுவித்தோரில் முஸ்லிம் செல்வர்கள் பலர்.

"எல்லாம்தான் மொழிபெயர்த்தாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நாம் இன்று கிரேக்க நூல்களைத் தமிழில் படிப்பது எவ்வாறு? பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான். 'சாக்ரடீஸ்', 'பிளேட்டோ' என்று நாம் உச்சரிப்பதிலேயே ஆங்கில வாடை வீசுகிறது. அரபியின் 'ஸுக்ராத்', 'அஃப்லாத்தூன்' ஆகியவை மூலத்துக்குச் சற்று நெருக்கமானவை. மத்தாவுக்குச் சுர்யானி எப்படியோ, நமக்கு ஆங்கிலம் அப்படி. ஸீராஃபீ இன்று நம் முன் வந்தால் அதே வினாவை நம்மிடம் கேட்கமாட்டாரா? கிரேக்கத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வந்த பெருநூலுக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. ஜெர்மனியில் கிரேக்கம் கற்று வந்த சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இன்றும் தமிழகத்தில் கிரேக்கம் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் கிறித்தவ இறையியல் கல்லூரிகளில்தான். அவர்கள் தம் வேதத்துக்காகக் கற்கிறார்கள், அது இயல்பு. நம் பாடநூலின் பெயரே கிரேக்கமாய் இருக்க, நாம் கல்லாதிருப்பதுதான் இயல்புக்கு மாறானது.

மதரஸா மாணவனுக்கு அம்மொழி அத்துணை அயலானதும் அன்று. அப்ஜத், ஹவ்வஸ், ஹுத்தீ, கலமன் என்று எழுத்தெண்களைச் சிறுவயதிலேயே ஓதியவன், ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்பதைக் கேட்டவுடன் புன்னகைப்பான். கிரேக்கரும் அரபுகளும் எழுத்துகளைப் பெற்ற மூதாதை ஒன்றே. காஃப், லாம், மீம், நூன் என்பதற்கு நேராக காப்பா, லாம்ப்டா, மியூ, நியூ வருகின்றன. ஒன்று முதல் எண்பது வரை எண்மதிப்பும் ஒத்தே செல்கிறது. அதன் பின்னரே வரிசை பிரிகிறது. மர்ஃபூஉ, மன்ஸூப், மஜ்ரூர் என இஃராபை அறிந்தவனுக்குக் கிரேக்கப் பெயர்ச்சொல்லின் வேற்றுமைகள் புதிரல்ல. பழங்கிரேக்கத்தில் இருமை எண்ணும் உண்டு. 'அல்' போன்ற சுட்டும் உண்டு. வினைச்சொல்லின் வடிவப் பெருக்கம் மட்டும் பொறுமையைச் சோதிக்கும். ஸர்ஃபு ஓதிய காலத்தை எண்ணிப் பார்த்தால் அதுவும் தாங்கக் கூடியதே.

நாம் வாழும் உத்திரமேரூரிலேயே இம்மொழியறிவுக்கு வேலை உண்டு. இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வருவோரிடமெல்லாம் அதனைத் 'தேர்தல்' என்றே சொல்லி வருகிறோம். தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வது தேர்தலன்று, சீட்டுக் குலுக்கல். அரபியில் 'குர்ஆ' வேறு, 'இன்திகாப்' வேறு. கிரேக்கத்திலும் 'கிளேரோஸ்' என்பது திருவுளச்சீட்டையே குறிக்கும். ஏதென்ஸ் நகரத்தார் பதவிகள் பலவற்றைச் சீட்டினாலேயே நிரப்பினர். சீட்டு மக்களாட்சிக்கும், தேர்தல் சிலராட்சிக்கும் உரியதெனக் கருதப்படுகிறது என்று அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலில் எழுதுகிறார். அந்நூல் முற்கால அரபியில் முழுமையாக வந்து சேரவில்லை. ஃபாராபீ மக்களாட்சி நகரத்தை 'மதீனா ஜமாஇய்யா' என்று குறித்தபோது அவர் முன் இருந்தது அஃப்லாத்தூனின் சிந்தனை.

ஏதென்ஸின் சீட்டுப் பானைக்குள் குடிமக்களான ஆடவரின் பெயர்கள் மட்டுமே விழுந்தன. உத்திரமேரூர்க் குடத்துக்குள் நிலமும் வீடும் வேதக்கல்வியும் உடைய, முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்குட்பட்ட சபையோரின் பெயர்கள் மட்டுமே விழுந்தன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, இரண்டு மூலங்களையும் அவற்றின் மொழியிலேயே படித்து எழுதப்பட்ட தமிழ் ஆய்வு ஒன்று வரவேண்டும். கல்வெட்டைப் படிக்க வல்லோர் நம்மிடையே இருக்கிறார்கள்.