மணிமேகலையிற் காரியக் கருத்து

மணிமேகலையின் 29ஆம் காதையை அறிஞர் பெரும்பாலும் நூலின் காலத்தைத் துணிதற்கே பயன்படுத்தினர். அதன் அளவைப் பகுதி திக்நாகர்க்கு முற்பட்டதெனச் சா. கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். நியாயப்பிரவேசத்தைத் தழுவியதெனக் குப்புசுவாமி சாஸ்திரியார் கொண்டார். காவியச் சுவை நாடுவோரோ அக்காதையைக் கதையோடு ஒட்டாச் சுமையென ஒதுக்குவர். அவ்வளவை கதையை விளக்குமோ என வினவினார் அரியர். விளக்கும் என்பதே எம் கருத்து.

27ஆம் காதையில் வைதிக அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கின்றான். யானையின் ஒலி கேட்டுக் காட்டில் யானை உண்டெனல் பொது. வெள்ளங் கண்டு மேல்தலையில் மழை பெய்ததெனல் எச்சம். கருக்கொண்ட முகில் கண்டு மழை பெய்யுமெனல் முதல். அறவணவடிகளோ இத்தகைய கருத்துகள் பிழைத்தலும் உண்டென்றும், புகை கொண்டு நெருப்பை உணர்தல் போலும் காரியக் கருத்தே பிழையற்றதென்றும் தெளிவிக்கின்றார். முகில் பெய்யாதும் கலையும். புகை நெருப்பின்றி எழாது. அடிகள் வெள்ளத்தைக் காட்டாது புகையைக் காட்டியது கருதத்தக்கது. கரையுடைந்தும் வெள்ளம் வருமன்றோ?

இனி 20ஆம் காதையை நோக்குவாம். மணிமேகலை காயசண்டிகையின் வடிவில் நிற்கின்றாள். காயசண்டிகையின் கணவனாகிய விஞ்சையன் காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே கருதி அணுக, அவள் அவனைப் பொருட்படுத்தாது சென்று உதயகுமரனுக்கு அறிவுரை கூறுகின்றாள். இதனைக் கண்ட காஞ்சனன் தன் மனைவி பிறன்பால் நெஞ்சு வைத்தாள் எனத் துணிந்தான். உதயகுமரனோ இவள் வேற்றுருக் கொண்ட மணிமேகலையே எனக் கருதி, உண்மை அறிய நள்ளிரவில் வந்தான். சரியாக உணர்ந்தவன்மேல் தவறாக உணர்ந்தவனது வாள் வீழ்ந்தது.

காஞ்சனன் பிழைத்தது காரியக் கருத்திலேயே என்பதை மறத்தலாகாது. கண்டதிலிருந்து காரணத்தை உய்த்துணர்ந்தவனே அவனும். ஆயின் அவன் கொண்ட ஏது புகை போன்றதன்று, வெள்ளம் போன்றது. அவ்வுருவம் மனைவிக்கும் மனைவியல்லாதாட்கும் பொதுவாயிற்று. சபக்கத்திற்கும் விபக்கத்திற்கும் பொதுவாய் நிற்கும் ஏதுவை 29ஆம் காதை சாதாரணம் எனப் பெயரிட்டு, அநைகாந்திகப் போலியுள் அடக்குகின்றது. ஓர் உயிரைக் கொண்ட பிழைக்கு ஒன்பது காதை கழித்துப் பெயர் வந்து சேர்கின்றது. போலிகளின் நீண்ட பட்டியல் சலிப்பூட்டுவதே. அதனை யாமும் மறுத்திலேம். எனினும் இவ்வோர் இடத்தை உணர்ந்தார் அதனை வெறுஞ் சுமையென்னார்.

கொலைக்குப் பின் கந்திற்பாவை வேறொரு காரணத்தை வெளிப்படுத்துகின்றது. உதயகுமரன் முற்பிறப்பில் இராகுலனாய் இருந்தபொழுது, அடியிடறிய மடையனை வாளால் வீழ்த்தினான். அவ்வினையே இன்று அவன் உயிரை உண்டது என்பது அதன் கூற்று. இத்துணையோடு நின்றிருப்பின் ஊழே அனைத்தையும் செய்தது, காஞ்சனன் வெறுங் கருவி என முடிந்திருக்கும். அங்ஙனம் முடியவில்லை. ஊழ்வினை உயிரை உண்டதாயினும், நீ செய்த கொடுவினை நின்னையும் வந்து உறும் எனப் பாவை அவனிடமே கூறுகின்றது. பழைய காரணம் புதிய வினையாளனை விடுவிப்பதில்லை. இந்நூலை ஊழின் முன் மனிதன் செயலற்றவன் என்னும் கொள்கையினதாகக் காட்டுவோர் இவ்விடத்தைக் கடந்து போய்விடுகின்றனர்.

இங்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்டு மணிமேகலை தன் பழம்பிறப்பை நேரே உணர்ந்தாள்; அவளுக்கு அது காட்சியை ஒக்கும். காஞ்சனனுக்கோ பாவையின் சொல்லன்றிப் பிறிது சான்றில்லை. வாளால் வீழ்ந்த உடலைக் கண்டு மடையனின் கொலையை எவரும் உய்த்துணர இயலாது. அப்புகைக்குப் பல நெருப்புகள் உள. காட்சியும் கருத்துமே அளவை என்னும் காவியம், தன் தலையாய காரணத்தை ஒரு தெய்வத்தின் வாய்மொழியாகவே நிறுவுகின்றது. அம்மொழியை ஐயுறாது கேட்ட காஞ்சனன் வெந்துயரோடு வான்வழி மீண்டான்.