முள் பொய் சொல்கிறதா?

அக்கரைப்பற்றிலிருந்து அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று மட்டக்களப்பு வரைக்கும் போகிற ஏ4 வீதியில் மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் பாலங்கள். இந்தச் சமதரையில் ஒரு பழைய காரின் ஹீட் மீட்டர் செத்துக் கிடந்தாலும் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. கண்டிக்குக் கல்யாணத்துக்கென்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அம்பாறை, மகாஓயா, மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் இரண்டாம் கியர் போடும்போதுதான் அந்த மீட்டர் பக்கம் கண் போகும். அங்கே முள் மேலே ஏறினால் ஒரு பயம், ஏறாமலே கிடந்தால் அதைவிடப் பெரிய பயம்.

திரும்பி வந்ததும் கராஜுக்கு வண்டி வரும். இந்தக் கரையில் ரசித்துப் பார்க்க வேண்டிய வேலைகளில் ஒன்று அங்கேதான் தொடங்குகிறது. எஞ்சின் இறக்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். ஒரு மீட்டர் முள்ளோடு ஒருவர் மல்லுக்கட்டுவதைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. எனக்கு இதுதான் பிடிக்கும். கைபலம் வேண்டாத வேலை. எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு கேட்பது என்கிற வரிசைதான் எல்லாம்.

கெட்டிக்கார பாஸ் முதலில் முள்ளை நம்புவார். மீட்டர் பழுது என்று சொல்லிக்கொண்டு வருகிற சொந்தக்காரரை அவர் நம்ப மாட்டார். முள் சிவப்பில் நிற்கிறதென்றால் எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். ரேடியேற்றர் மூடியைத் தொடவே மாட்டார். சாதாரண மூடி ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 பாகை அளவுக்குப் போன பிறகே கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அவ்வளவும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அதனால் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பார், அமுக்கிப் பார்ப்பார். சம்மாந்துறையில் நெல் மூட்டைக்குள் கையை விட்டே ஈரத்தைச் சொல்லிவிடுகிற வியாபாரிகள் இருக்கிறார்களே, அந்தக் கைதான் இதுவும். சிலரிடம் இப்போது தெர்மாமீட்டர் துப்பாக்கி இருக்கிறது. (கொரோனாக் காலத்தில் கடைவாசலில் நெற்றிக்குப் பிடித்தார்களே, அது இதற்கு உதவாது. காய்ச்சல் அளவைத் தாண்டினால் அது கைவிரித்துவிடும்.)

முள் கீழேயே கிடக்கிற வண்டிக்கும் இதே மரியாதை உண்டு. இங்கேதான் அரைகுறைகள் சறுக்குவார்கள். இறங்கிக் கிடக்கிற முள்ளுக்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். மீட்டர் செத்திருக்கலாம். எஞ்சின் உண்மையிலேயே சூடேறாமல் ஓடலாம். மூன்றாவதுதான் ஆபத்து: தண்ணீர் வற்றிப்போய் சென்சரின் மூக்கு காற்றில் தொங்கலாம். சென்சர் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் ஒழுகத் தொடங்கும்போது முள் கொஞ்சம் ஏறும். மட்டம் சென்சருக்குக் கீழே போனதும் திடீரென்று இறங்கிவிடும். ஓட்டுகிறவர் ‘அல்ஹம்துலில்லாஹ், இறங்கிட்டு’ என்று இன்னும் கொஞ்சம் மிதிப்பார். ஹெட் கேஸ்கட் போவது அப்போதுதான். ஆகவே மீட்டரில் கைவைக்கும் முன்பு, ஆறிய எஞ்சினில் தண்ணீர் மட்டம் பார்க்காத பாஸை நான் பாஸ் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது அர்த்தத்தைப் பற்றி எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. நம் பக்கத்தில் தேமோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது ஒரு வழக்கமாகிவிட்டது. ‘இந்த வெயிலுக்கு அது என்னத்துக்கு?’ என்பார்கள். அந்த வால்வு பெரும்பாலான ஜப்பான் கார்களில் 82 பாகையில் திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாது. அதைக் கழற்றினால் ஒலுவில் பக்கத்துத் திறந்த வீதியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு ஓடும்போது எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வராது, பெற்றோலைக் குடிக்கும். முள் அதை நேர்மையாகக் கீழே நின்று காட்டும். பழி மட்டும் மீட்டருக்கு. இல்லாத வால்வைத் தேடாமல் மீட்டரை மாற்றிக் காசு வாங்கியவர்களும் உண்டு.

சரி, தண்ணீர் இருக்கிறது, வால்வு இருக்கிறது, ஹோஸ் சுடுகிறது, முள் மட்டும் அசையவில்லை. இப்போதுதான் மீட்டரைச் சந்தேகிக்கலாம். முதல் கேள்வியைக் கேட்க ஸ்பானர்கூட வேண்டாம்: பெற்றோல் முள் என்ன சொல்கிறது? பழைய கார்கள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்து, ஒரு சின்ன ஸ்டெபிலைசரிலிருந்து போகிறது. பற்றரியின் ஏற்ற இறக்கம் முள்ளுக்குத் தெரியாதபடி, ஆங்கிலேயக் கார்களில் சராசரி 10 வோல்ட்டாக அதை வெட்டி வெட்டி அனுப்புவது அதன் வேலை. இரண்டு முள்ளும் சேர்ந்து கூடக் காட்டினால் குற்றம் எஞ்சினிலும் இல்லை, டாங்கிலும் இல்லை, அந்தப் பெட்டியில். பெட்டியின் ஏர்த் துருப்பிடித்தால் வெட்டு நின்று முழு 12 வோல்ட்டும் போய்விடும். டாங்க் நிறைந்த மாதிரியும் எஞ்சின் கொதிக்கிற மாதிரியும் ஒரே நேரத்தில் காட்டுகிற கார் இந்தக் கரையில் அபூர்வமில்லை. ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்புக்காற்று டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள திருகாணியை மட்டும் விட்டுவைக்குமா? இந்த இடத்தில் டிஜிட்டல் மல்டிமீட்டர் பைத்தியம் பிடித்த மாதிரி எண் காட்டும். பழைய டெஸ்ட் பல்ப் அழகாக விட்டு விட்டு எரியும், விஷயம் முடிந்தது.

பெற்றோல் முள் சரியாக இருந்தால் அடுத்தது இந்தக் கலையின் சிகரம். சாவியை ஓன் செய்து எஞ்சினை ஓடவிடாமல் வைத்து, சென்சரின் ஒற்றை வயரைக் கழற்றுவது. முள் முழுக்கக் கீழே இறங்க வேண்டும். அந்த வயரை எஞ்சின் இரும்பில் தொட்டால் முழுக்க மேலே ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் சுத்தம், குற்றவாளி சென்சர். வயரைக் கழற்றியும் முள் மேலேயே நின்றால் வயர் எங்கோ தோலுரிந்து பொடியில் தொடுகிறது. தொட்டும் ஏறாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது மீட்டருக்குள்ளே போயிற்று. அரை நிமிடத்தில் பிரச்சினை இரண்டாகப் பிளந்து ஒரு பாதி விலகிவிடுகிறது. நல்ல கை என்று நான் நினைப்பவர்கள் இதிலும் ஒரு படி மேலே போவார்கள்: வயரை நேரே இரும்பில் தொடாமல் ஒரு சின்ன டாஷ்போர்ட் பல்பின் வழியாகத் தொடுவார்கள். டொயோட்டாவின் திருத்தப் புத்தகமே 3.4 வாட் பல்பைத்தான் சொல்கிறது. காரணம் மீட்டருக்குள் இருக்கிறது. அங்கே இரட்டை உலோகத் தகடு ஒன்றின் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கரண்ட் போகப் போகக் கம்பி சூடேறி, தகடு வளைந்து, முள்ளைத் தள்ளும். சூட்டைக் காட்டுவதற்கு அதுவும் சூடாகித்தான் ஆக வேண்டும். நேரே தொட்டு வைத்திருந்தால் அந்தக் கம்பி கருகும். முள் துள்ளாமல் சோம்பலாக ஏறுவதும் இதனால்தான். அந்தச் சோம்பலைப் பார்த்தே உள்ளே தகடு உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சென்சரைக் கழற்றினால் அதற்கும் ஒரு பரீட்சை உண்டு. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து அதன் மூக்கை முக்கி, ஓம் பார்ப்பது. குளிரில் நூற்றுக்கணக்கில் நிற்கிற ஓம், கொதிநீரில் சில பத்துகளுக்கு இறங்க வேண்டும். இந்த விஷயத்தில் கல்முனைக்காரன் கொடுத்து வைத்தவன். கடல் மட்டத்தில் இருப்பதால் நம் கேத்தல் சரியாக 100 பாகையில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் இதே பரீட்சை செய்தால் 94 பாகை அளவில் கொதித்து ஆளை ஏமாற்றும்.

சென்சரும் பாஸாகிவிட்டது, பூட்டினால் மட்டும் முள் குறைத்துக் காட்டுகிறது என்றால் மரையைப் பாருங்கள். வெள்ளை த்ரெட் சீல் டேப் சுற்றியிருக்கும். ஒழுகக் கூடாதென்று ரேடியேற்றர் வேலை செய்தவர் சுற்றியது. இந்தச் சென்சருக்கு ஏர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். அதை மூடிவிட்டால் எஞ்சின் காய்ந்து கிடந்தாலும் மீட்டர் குளுகுளுவென்று இருக்கும்.

சம்மாந்துறை வயல்களில் உழைத்த மெசி பேகுசன் 135 இந்த மின்சார விவகாரம் எதுவும் தெரியாதது. 1964இல் வெளிவந்த அந்த டிராக்டரில் மீட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போவது நூல் மாதிரி ஒரு செப்புக் குழாய். இந்த வகை மீட்டரில் குழாயின் முனையில் ஒரு குமிழ், குமிழுக்குள் ஈதர் மாதிரி எளிதில் ஆவியாகும் திரவம். சூடேறும்போது ஆவியின் அழுத்தம் குழாய் வழியே வந்து முள்ளைத் தள்ளும். குழாய் நசுங்கினாலோ ஒடிந்தாலோ ஆவி போய் முள் விழுந்துவிடும். புதிதாக வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் பழைய மீட்டரின் முகத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள், மலிவான புது மீட்டர் ஒன்றின் குமிழை உப்புக் கலந்த ஐஸில் முக்கி வைத்து, குழாயை வெட்டி, பழையதோடு ஈயம் வைத்து ஒட்டுவார்கள். ஈதர் 34.6 பாகையிலேயே கொதிப்பது. ஐஸ் இல்லாமல் ஏப்ரல் மத்தியானத்தில் வெட்டினால் ஒட்டுவதற்குள் உள்ளே எதுவும் மிஞ்சாது.

இவ்வளவு கலையும் நம்மிடம் தங்கியதற்கு வறுமையும் ஒரு காரணம். 1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்று, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் 40 வருடக் கொரோல்லாவும் சன்னியும் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளாகவே இருந்தன. மீட்டர் உண்மையில் செத்திருந்தால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி வேறொரு காரின் மீட்டரை வாங்கி வருவார்கள். அது இந்தச் சென்சரோடு ஒத்துப் போகாது. நடுவில் நிற்க வேண்டிய முள் முக்காலில் நிற்கும். அப்போது கொதிநீரில் சென்சரை முக்கி, முள் நிற்கிற இடத்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்துவிடலாம். தொழிற்சாலைக்காரன் போட்ட கோட்டைவிட எனக்கு அந்தப் புள்ளியில்தான் நம்பிக்கை. இப்போது வருகிற வேகன் ஆரில் முள்ளே இல்லை: குளிருக்கு நீல விளக்கு, கொதிப்புக்குச் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றுமில்லை.

இந்தக் கலைக்கு ஒரு பெரிய குறை உண்டு. கூலி கேட்க முடியாது. பத்தில் பாதி நேரம் திருத்தம் என்பது ஒரு ஏர்த் முனையைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துப் பூட்டியதுதான்.

“என்ன சாமான் மாத்தின காக்கா?”

“ஒண்டும் மாத்தல்ல தம்பி.”

“அப்ப எதுக்குக் காசி?”