பிரித்தானியப் பாப் இசைப்படங்களில் எதிர்ப்பும் இணக்கமும்

பதின்பருவத்தினருக்கென எடுக்கப்பட்ட பிரித்தானியப் பாப் இசைப்படங்கள் கிளர்ச்சியைப் பாடியவை எனும் கருத்து மறு ஆய்வுக்குரியது. 'தி யங் ஒன்ஸ்' (1961) படத்தில் இளைஞர் மன்றத்தை இடிக்க முனைபவர் கதைத்தலைவனின் தந்தையே. கிளிஃப் ரிச்சர்டின் எதிர்ப்பு தந்தையின் இணக்கத்தில் கரைந்துவிடுகிறது. ரிச்சர்டு லெஸ்டரின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' (1964) அவ்விணக்கத்தை நாடவில்லை. தொடர்வண்டியில் தம் போர்க்காலச் சேவையைச் சொல்லிக்காட்டும் கனவானைப் பீட்டில்ஸ் நால்வரும் எள்ளி நகையாடுகின்றனர். எனினும் வெட்டவெளியில் அவர்கள் துள்ளியாடும் அச்சில நிமிடங்களை, அந்நிலம் தனியாருடையது என்னும் ஒரு குரல் முடித்துவைக்கிறது.

ஜான் பூர்மனின் 'கேட்ச் அஸ் இஃப் யூ கேன்' (1965) இம்மூன்றில் மிகக் கசப்பானது, தேர்ந்ததும் அதுவே. விளம்பர உலகிலிருந்து தப்பியோடும் நங்கை நாடும் தீவு, கடல் வற்றுகையில் நடந்தே அடையத்தக்கது. விளம்பரக்காரர் அங்கு முந்திவந்து காத்திருக்கின்றனர். உடன் ஓடும் டேவ் கிளார்க் ஃபைவ் குழுவினரோ சண்டைக்காட்சிக் கலைஞர்களாக வருகின்றனர். திரையில் அவர்கள் பாடுவதேயில்லை.