பேசினாள், பதில் வந்ததா?

ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தமிழ்நாட்டுக் கிராமசபைகளைப் பற்றியது. கூட்டத்தில் பேசியதை எழுத்தாக்கி, அந்த எழுத்தைக் கணினியைக் கொண்டு அலசியிருக்கிறார்கள். கிராமசபை வெறும் சடங்கு என்பவர்களுக்கு அதில் மறுப்பு இருக்கிறது: மக்கள் கேள்வி கேட்கிறார்கள், கணக்குக் கேட்கிறார்கள். ஆனால் ஆண்களைவிடப் பெண்கள் பேசுவது குறைவு. அவர்கள் எடுத்த பேச்சு கூட்டத்தின் பேச்சாவது குறைவு. அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களிலும் பெண்கள் பெரிதாகக் கூடுதலாகப் பேசிவிடவில்லை. பேசியவர்களுக்குப் பதில் கிடைப்பது மட்டும் கூடியிருக்கிறது.

இந்தக் கடைசி முடிவுதான் எனக்கு முக்கியம். இளையாத்தங்குடிப் பக்கம் பெண் தலைவர் என்றாலே ‘கையெழுத்து அவுக, காரியம் வீட்டுக்காரர்’ என்பார்கள். பல ஊர்களில் அது உண்மையும்கூட. ஆனால் நாம் எப்போதும் தலைவரையே சோதித்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஆய்வு, எதிரே தரையில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கிறது. மாணவிகள் இதைப் படிக்க அந்த ஒரு காரணமே போதும்.

என் சண்டை அளவுகோலோடு. பெண் எழுப்பிய பொருளைத் தொட்டே அதிகாரி பேசினால் அவள் குரல் கேட்கப்பட்டதாகக் கணக்கு. ‘குடிதண்ணி வரல’ என்கிறாள். ‘குடிதண்ணிக்கு மேல எழுதியிருக்கோம்மா, வரும்’ என்கிறார் அதிகாரி. பொருள் பொருந்திவிட்டது, குழாய் காய்ந்துதான் கிடக்கிறது. நூறு நாள் வேலை அட்டையோடு வந்தவள், நாளைக்கு வேலை போடுகிறவர் முன்னால் வாய் திறக்காமல் இருந்தால் அது தயக்கமா, பிழைப்பறிவா? எழுத்துப் படியில் அவள் இல்லவே இல்லை. நாற்காலியில் யார், தரையில் யார், எந்தத் தெருக்காரர்கள் ஓரமாக நின்றார்கள் என்பதும் அதில் ஏறாது.

யாரை எப்படி எண்ணுவது என்பது இந்த ஊருக்குப் புதிய கேள்வி அல்ல. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று இளையாத்தங்குடிக் கைலாசநாதர் கோயில். நகரத்தார் கணக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. ஆணுக்கும் அரைதானே என்பார்கள். மறுமணம் செய்து மறுபடி முழுப்புள்ளியாக அவருக்கு இருந்த வழி அவளுக்கு இருந்ததா? எண் ஒன்றாக இருக்கலாம், நிலைமை ஒன்றல்ல. ஆட்சியியல் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அரைப்புள்ளி ஞாபகம் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தந்தது. 2016இல் அது பாதியானது. அதே ஆண்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட மூன்று வருடமும் தனி அலுவலர்கள். அந்தத் தேர்தலில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிய, சிவகங்கை மாவட்டத்தில் மறுபடியும் தனி அலுவலர்கள். பாதி இடம் என்று சட்டம் எழுதிவிட்டு இருக்கையையே எடுத்துவிட்டால், எதில் பாதி? பெண் தலைவர் இருந்தால் பெண்ணுக்குப் பதில் கிடைக்கிறது என்று இவ்வளவு உழைத்து நிறுவிய ஆய்வு, தலைவரே இல்லாத கிராமசபையை என்ன செய்யும்? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாட்கள் வரும்போது கூட்டம் கூடத்தான் செய்கிறது. அந்தப் பேச்சையும் யாராவது எழுதி வைக்க வேண்டும். ‘மேல எழுதியிருக்கோம்மா’ எத்தனை தடவை வருகிறது என்று நான் எண்ணிப் பார்க்கிறேன்.