சொல் தெளியட்டும், அதிர்வு பிறகு

அப்பர் தம் முதல் பதிகத்தைப் பாடிய தலம் திருவதிகை. அந்தப் பதிகத்தை ஓதுவார் ஒருவர் டிவியில் பாடினால் ஒவ்வொரு சொல்லும் காதில் தெளிவாக விழ வேண்டும். டிவிக்கு வாங்கும் ஸ்பீக்கருக்கு இதுவே முதல் சோதனை.

டிவி மெலிய மெலிய அதன் ஸ்பீக்கர்களும் சிறுத்துவிட்டன. பெரும்பாலும் கீழ்நோக்கியே ஒலிக்கின்றன. சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை பெரிதும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது; முதலில் மழுங்குவது அதுதான். வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

கடைக்காரர் முதலில் காட்டுவது 5.1 ஹோம் தியேட்டர். மலிவானவற்றில் சப்வூஃபர் முழங்கும், மற்ற ஐந்தும் கீச்சிடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 10 அடி இருந்தால் 56 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி அங்கே தங்கிப் பெருகும்; சப்வூஃபரை மூலையில் வைத்தால் இன்னும் மோசம். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலியைக் கூட்டும். பெட்டியில் அச்சிட்ட பிஎம்பிஓ வாட்டை நம்பாமல் ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

சவுண்ட்பார் இடத்தை அடைக்காது. பேச்சுக்கென்றே நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள 3.1 வகையில், ஓரமாக உட்கார்ந்தவருக்கும் வசனம் திரையிலிருந்தே வரும். 2.1 வகையில் அந்த வசதி இல்லை.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் மூன்றாவது வழி. சிதம்பரத்தில் 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலியின் ஒளிப்பதிவு ஒன்றை அதில் போட்டுக் கேளுங்கள். மிருதங்கத் தொப்பியின் கும்கி உடலோடு எழும். நட்டுவாங்கத் தாளத்தின் கணீர் அதில் அமுங்காது. சவுண்ட்பாரின் சின்னக் கூம்புகளுக்கு இது எளிதில் வராது. குறையும் உண்டு: ஓரத்தில் இருப்பவருக்குப் பேச்சு ஒரு பக்கமாகச் சாயும்.

எதை வாங்கினாலும் இணைப்பு எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி பிந்துவதால், பாதம் தரையைத் தட்டிய பிறகே சலங்கை கேட்கும்.

என் தீர்ப்பு: இரண்டு மூன்று பேர் நேரெதிரே உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்குப் புக்‌ஷெல்ஃப் ஜோடி. ஹால் முழுக்க ஆட்கள் பரவி உட்காரும் கூட்டுக்குடும்பத்துக்கு 3.1 சவுண்ட்பார். அதே காசுக்குக் கிடைக்கும் 5.1 பெட்டி எந்தச் சிறிய ஹாலுக்கும் வேண்டாம். அது பணத்தை அதிர்வில் கொட்டிச் சொல்லைக் கைவிடுகிறது.