முறிந்த பனையும் முறியாத சாட்சியமும்

திருவாரூர்த் தேரின் கதையை அறியாதார் காவிரிப் படுகையில் இல்லை. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகிறோம். ஆனால் நம் காலத்தில் ஒருவர் தம்மவரின் குற்றத்தையும் அதே நீதியின் முன் நிறுத்தினால் அவரை எங்ஙனம் நடத்துகிறோம்? 'முறிந்த பனை' என்னும் நூலைப் படித்து முடித்தபோது இவ்வினாவே நம் நெஞ்சில் எஞ்சி நின்றது.

காரைக்காலுக்குத் தெற்கே, கடலுக்கு அப்பால் இருக்கிறது யாழ்ப்பாணம். அங்கே 1988-இல் 'மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்' என்னும் அமைப்பு உருவாயிற்று. அதனைச் சார்ந்த உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திரணகம, கணித ஆசிரியர்களான ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகிய நால்வர் எழுதிய இந்நூல் 1990-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னர் தமிழிலும் வந்தது. நூலாக வெளிவந்ததை ரஜனி காணவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. ஒரு காலத்தில் காயமுற்ற போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தவர் அவர். அவரைக் கொன்றோர் விடுதலைப் புலிகளே என்பது உடன் பணியாற்றியோரின் முடிவு.

நூலின் முதற்சிறப்பு அதன் ஒரே தராசு. சிங்களப் பேரினவாதத்தையும் அரசின் வன்முறையையும் அது மறைக்கவில்லை. அதே நேர்மையோடு, இயக்கங்கள் தம்முள் நடத்திய கொலைகளையும், மாற்றுக் கருத்தினரின் வாய் அடைக்கப்பட்டதையும் பதிவு செய்கிறது. போரில் சிக்கிய பெண்களின் அனுபவங்களை ரஜனி தொகுத்துள்ள பகுதியே நூலின் உயிர். அங்கே வாதம் இல்லை, ஆரவாரம் இல்லை. துன்புற்றோர் பேசுகின்றனர், எழுதுபவர் செவிமடுக்கிறார்.

இங்கேதான் நூல் நம் பக்கமும் திரும்புகிறது. 1983 ஜூலைக்குப் பின் ஈழத் தமிழருக்காகக் கண்ணீர் வடித்தவர்கள் நாம். ஆனால் 1987 தீபாவளி நாளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து மருத்துவரையும் செவிலியரையும் நோயாளிகளையும் சுட்டது நம் நாட்டின் அமைதிப்படை. அன்று நம்முள் எத்தனை பேர் வாய் திறந்தோம்? அயலான் செய்த கொடுமைக்குக் கொதிப்பது எளிது. நம் பெயரால் நடந்த கொடுமைக்கு நாணுவதே அரிது.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில், ஓகோனி மக்களின் நிலத்தைப் பாழாக்கிய எண்ணெய் நிறுவனத்தையும் இராணுவ ஆட்சியையும் எதிர்த்தார் எழுத்தாளர் கென் சாரோ-விவா. 1995 நவம்பர் 10 அன்று அவரும் எண்மரும் தூக்கிலிடப்பட்டனர். அங்கே மனித உரிமை அமைப்புகளும் மக்களாட்சி இயக்கங்களும் தொடர்ந்து போராடின. 1999-இல் இராணுவம் ஆட்சியை விட்டு விலகியது. அவர்கள் எதிர்நின்றது ஆட்சிபீடத்தை. யாழ்ப்பாண ஆசிரியர்களோ ஆட்சியையும், அந்நியப் படையையும், தம் தெருவிலேயே துப்பாக்கி ஏந்தி நின்ற தம் பிள்ளைகளையும் ஒருங்கே எதிர்நோக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டையும் எதிர்ப்பவனை ஊர் வீரன் என்னும். மூன்றாவதையும் எதிர்ப்பவனைத் துரோகி என்னும்.

குறைகளும் உண்டு. நூலின் பார்வை பெரிதும் குடாநாட்டைச் சுற்றியே அமைந்துள்ளது. கிழக்கு மாகாணத்தின் வாழ்வு அதே நெருக்கத்தோடு வரவில்லை. நெருக்கடியின் நடுவே எழுதப்பட்டதால் ஆய்வும் ஆதங்கமும் சில இடங்களில் ஒன்றையொன்று இடறுகின்றன. யாருடைய துயரத்தைச் சொல்கிறதோ அவர்களுக்கு முன்பாக ஆங்கிலம் அறிந்தோரைச் சென்றடைந்தது என்பதும் சிந்தித்தற்குரியது.

எனினும் காலம் இந்நூலுக்குச் சான்று பகர்ந்துள்ளது. ரஜனிக்குப் பின்னரும் ஹூலும் ஸ்ரீதரனும் அறிக்கைகளை எழுதி வந்தனர். 2007-இல் அவ்விருவருக்கும் மார்ட்டின் என்னல்ஸ் விருது வழங்கப்பட்டது. 2009-இல் போர் ஓய்ந்தது. யார் வென்றார், யார் தோற்றார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இறந்தவர்களை நம்மவர், பிறர் எனப் பிரிக்காமல் எண்ணும் பணியே மிச்சமிருக்கிறது. அதைத் தொடங்க விரும்புவோர் இந்நூலைப் படிக்கட்டும். முதலில் நம் பெயரால் நடந்தவற்றைக் கூறும் பக்கங்களைப் படிக்கட்டும்.